சீட்டில் சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது நம் மருந்துக்கடை கவுன்ட்டரில் கூட்டம். சரி சரி என்று வைத்துவிட்டேன். "இனிமே சீட்டுல என்ன இருக்கோ அதைக் குடுத்துட்டுப் போறேன்ப்பா, பேச்சு வாங்க முடியல" என்றாயே, அதை அப்படியே விட மனசு வரவில்லை. கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்து, ஆஸ்பத்திரி பார்மசியிலிருந்து நீ டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டது சரி. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். மற்ற மாத்திரைகளுக்கெல்லாம் ஓ.டி. (தினமும் ஒரு வேளை), பி.டி. (தினமும் இரு வேளை) என்று வரிசையாகப் போட்டு வந்த கை, டிஸ்சார்ஜ் சம்மரியில் இதற்கும் ஓ.டி. போட்டுவிட்டது. சீட்டோடு வந்த அந்த நோயாளி அம்மா தினமும் விழுங்கியிருந்தால் முதலில் வாய்ப்புண் வரும். "சூடு, வைட்டமின் குறைச்சல்" என்று தெருமுனைக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடுவார்கள். அதற்குள் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வரும்போது வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும். இந்த ஒரு தவறில் பல நாடுகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். டாக்டர் "எனக்கே பாடம் எடுக்கிறியா" என்று கத்தினார், கத்தட்டும். சீட்டைத் திருத்தினாரா இல்லையா?

இதில் இன்னொரு வம்பு, கூடவே எழுதும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின். கம்பெனிப் பெயரில் ஃபோலிட்ராக்ஸ் என்றால் மெத்தோட்ரெக்சேட், ஃபோல்வைட் என்றால் ஃபோலிக் ஆசிட். இரண்டும் ஒரே சீட்டில், ஒரே எழுத்தில் தொடங்கும். அதனால்தான் நம் கடையில் ஃபோலிட்ராக்ஸை 'எஃப்' வரிசையில் வைப்பதில்லை, தனி டப்பா. மாதத்துக்கு நாலு மாத்திரைக்கு மேல் கொடுப்பதும் இல்லை. அட்டையை வெட்டினால் காலாவதி தேதி போய்விடும் என்பதால் தேதியையும் பேட்ச் நம்பரையும் கவரில் எழுதி, பெரிய எழுத்தில் 'புதன்கிழமை மட்டும்' என்று போடுவேன். கிழமையை அவர்களே சொல்ல வேண்டும், அப்போதுதான் நினைவிருக்கும். "முழு அட்டையும் குடுங்க, திரும்பத் திரும்ப வர முடியாது" என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. வியாபாரம் போனால் போகட்டும்.

டாக்டரைக் கூப்பிடுவதிலும் ஒரு வகை இருக்கிறது. "தப்பா எழுதியிருக்கீங்க" என்று ஆரம்பித்தால் எந்த மனுஷனுக்கும் சுருக்கென்று வரும். நோயாளி பெயர், படுக்கை எண், மருந்து, அளவு, எதற்காக என்று சொல்லிவிட்டு, "வாரம் ஒரு நாள்தானே சார், இதுல தினமும்னு இருக்கு, மாத்திடட்டுமா?" என்று கேள். பதில் வரும்வரை மருந்து உன் கையை விட்டுப் போகக் கூடாது. போனை எடுக்கவில்லையா, வார்டு சிஸ்டரிடம் சொல்லி நிறுத்தி வை. யார் சொன்னார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி வை. போனில் அளவு சொன்னால் திருப்பிச் சொல்லிக் காட்டு. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும். "ஒண்ணு, அஞ்சு" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்.

சீட்டு சரியாக இருந்தும் வீட்டில் தவறுவது தனிக்கதை. நம் பக்கத்தில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு உரியது. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை, டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போகிறார். "எப்படி இழுக்கிறீங்க, காட்டுங்க சார்" என்றேன். பையிலிருந்து எடுத்தது ஆரஞ்சு மூடி. அதில் 20 என்ற கோடுவரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். மனுஷன் கிடைத்த சிரிஞ்சை வாங்கி மாதக்கணக்காகப் போட்டிருக்கிறார். இதைவிடப் பயம் அடுத்தது: ஏற்றி வைத்த அளவை ஒருநாள் சரியான சிரிஞ்சில் போட்டால் சர்க்கரை சடாரென்று விழும். அதனால் சிரிஞ்சைக் கையில் கொடுத்ததோடு விடாமல், அவர் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். செய்து காட்டச் சொல். குழந்தைக்குப் பாராசிட்டமால் டிராப்ஸ் வாங்குபவரிடமும் அப்படித்தான். டிராப்ஸில் மில்லிக்கு 100 மில்லிகிராம், சாதா சிரப்பில் 5 மில்லிக்கே 120. டிராப்ஸை ஸ்பூனில் ஊற்றினால் நாலு மடங்கு.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் ஆஸ்பத்திரியில் 2017 டிசம்பரில் நடந்ததை நீ படித்திருப்பாய். ராடோண்டா வாட் என்ற நர்ஸ், மயக்கம் தரும் வெர்செட்டை எடுக்க மருந்து அலமாரி இயந்திரத்தில் 'வி, இ' என்று இரண்டே எழுத்து தட்டினார். அதில் அந்த மருந்து மிடசோலம் என்ற பொதுப்பெயரில் இருந்ததால் வரவில்லை. தடையை மீறி எடுத்தபோது வந்தது வெக்குரோனியம், தசைகளை முடக்கும் மருந்து. மூடியிலேயே எச்சரிக்கை இருந்தும் பார்க்கவில்லை. 75 வயது அம்மாள் இறந்துபோனார். பார்க்காதது நர்ஸ் குற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு எழுத்துக்கே விஷத்தை நீட்டும் இயந்திரத்தை அங்கே வைத்தது யார்? அந்த நர்ஸ் தன் தவறை உடனே ஒப்புக்கொண்டார். 2022-இல் கிரிமினல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. இதைப் பார்த்த எந்த நர்ஸ் நாளைக்கு வாயைத் திறப்பாள்? குறைந்தது ஐந்து எழுத்தாவது தட்டினால்தான் திறக்க வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்பினர் பிறகு சொன்னார்களே, அதுதான் உருப்படியான வேலை.

அதனால்தான் சொல்கிறேன், நீ பிடித்த அந்த ஓ.டி.யையும் எழுதிக் கொடு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று விடாதே. உங்கள் ஆஸ்பத்திரி என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று வாங்கியது, இதற்கென்று படிவம் இருக்கும். டாக்டர் பெயரைப் பெரிதுபடுத்த வேண்டாம். கம்ப்யூட்டரில் இந்த மருந்துக்கு மட்டும் 'தினமும்' என்று அடித்தால் ஏற்காதபடி வைக்கச் சொல்லிக் கேள். அதைச் செய்தால் அடுத்த முறை நீ திட்டு வாங்க வேண்டியதில்லை.

உனக்கு ஒரு வேலை. பெரியப்பா இப்போது இரண்டு டாக்டரிடம் காட்டுகிறார், இரண்டு பை மாத்திரை. எல்லா அட்டைகளையும், இரண்டு சீட்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். ஒன்று உறுத்துகிறது, எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உன் கண் அங்கேயே போய் நிற்கும். நீயாகப் பார்த்து எழுது, இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை அவரோடு டாக்டரிடம் போகிறேன். புதனுக்குள் வேண்டும்.

அன்புடன்,
அப்பா