நிலா கடலைத் தூக்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கடல் ஓதம் பற்றி, அதாவது கடல் நீர்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது பற்றி வந்த கட்டுரை படிக்க எளிதாக இருந்தது. ஆனால் அது சொல்லும் காரணங்கள் சரியல்ல.

நிலா தனக்கு நேர் கீழே உள்ள நீரை மேலே இழுக்கிறது என்கிறார் கட்டுரையாளர். நிலா பூமியின் மையத்தையும் இழுப்பதைக் கழித்துவிட்டால், மிஞ்சும் மேல்நோக்கிய விசை பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 90 லட்சத்தில் ஒரு பங்குதான். நிலா உச்சிக்கு வரும்போது 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் குறைவது 7 மில்லிகிராம்கூட இல்லை. இதைக்கொண்டு கடலைத் தூக்க முடியாது. உண்மையில் வேலை செய்வது பக்கவாட்டு விசை. நிலா சாய்வாகத் தெரியும் இடங்களில் அந்த விசையின் ஒரு கூறு நீர்ப்பரப்பை ஒட்டியே செல்கிறது. அந்தத் திசையில் அதைத் தடுக்கப் பூமியின் ஈர்ப்பு வராது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பிலிருந்து நீர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சேர்கிறது. குளத்தில் ஓதம் தெரியாததும் இதனால்தான்: அப்படி நகர அங்கே நீளம் ஏது?

நிலாவுக்கு எதிர்ப்புறம், பூமியின் மறுபக்கத்திலும் நீர் மேடாக எழுவதற்குத் தற்சுழற்சியின் மையவிலக்கு விசையைக் காரணம் காட்டியிருப்பது இன்னும் மோசம். தற்சுழற்சி நடுக்கோட்டை நிரந்தரமாகப் புடைக்க வைக்கும். ஓதம்போல் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றி இறக்காது. பூமியின் மையத்தை நிலா இழுக்கும் அளவுக்கு மறுபக்கத்து நீரை இழுப்பதில்லை. அதனால் அந்த நீர் பின்தங்கி நிற்கிறது, அவ்வளவே.

இப்படி இழுப்பிலுள்ள வேறுபாடுதான் ஓதத்தை உண்டாக்குகிறது என்பதால், அது தொலைவின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. சூரியனின் நிறை நிலாவைப்போல் 2.7 கோடி மடங்கு. தொலைவு சுமார் 390 மடங்கு. வெறும் ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கேற்பவே குறையும்; அந்த இருமடியில் (390 × 390) வகுத்தால் சூரியனின் ஈர்ப்பு நிலாவினுடையதைப்போல் 180 மடங்கு வரும். மும்மடியில் (390 × 390 × 390) வகுத்தால் ஓத விசை நிலாவினுடையதில் பாதிக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் கூடும். அஷ்டமியை ஒட்டி ஒன்றையொன்று குறைக்கும்.

இவ்வளவும் 1687-இல் நியூட்டன் வகுத்த வழி. பூமியின் இருபுறமும் நீர்மேட்டைக் காட்டும் கட்டுரையின் படமும் அதிலேயே நின்றுவிட்டது. அந்தப் படத்திலுள்ள நீர்மேடு நிலாவைத் தொடர வேண்டுமானால், நடுக்கோட்டில் மணிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 4 கிலோமீட்டர் ஆழக் கடலில் இத்தகைய நீண்ட அலை மணிக்கு 700 கிலோமீட்டரைத்தான் எட்டும்; நிலாவுக்கு ஈடுகொடுக்க 20 கிலோமீட்டர் ஆழம் வேண்டும். போதாக்குறைக்குக் கண்டங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன. ஆகவே ஒவ்வொரு கடலிலும் நீர் தனித்தனியே அசைந்தாடுகிறது. ஓதத்தை இப்படி நகரும் அலையாகக் கணக்கிடும் சமன்பாடுகளை 1770-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் வகுத்தார். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீர் இயல்பாக ஒருமுறை போய்வர ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளுவதுபோல, 12 மணி 25 நிமிட ஓதம் அங்கே 16 மீட்டர் வரை ஏறுகிறது. நடுக்கடலில் அரை மீட்டர், ஒரு மீட்டரே வழக்கம்; ஏற்றமே இல்லாத புள்ளிகளும் உண்டு.

அமாவாசையன்றே ஓதம் உச்சம் தொடும் என்பதும் பொருந்தாது. பெரும்பாலான கரைகளில் ஓரிரு நாள் பிந்தியே தொடும். நிலா உச்சிக்கு வந்து எத்தனை மணி நேரத்தில் கடல் ஏறும் என்பதும் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். வாசகர்கள் அந்தந்தத் துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பார்ப்பதே நல்லது. அதிலும் அன்றைய வானிலை சேராது: காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும், கரையை நோக்கி வீசும் பலத்த காற்று அதை மேலும் கூட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்