தேங்காய்த் தொட்டிக்கரிக்கு வழி சொன்ன பெரியப்பாவுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு நிலத்தடி நீரை, தேங்காய்த் தொட்டிக் கரி நிரப்பிய குழாய் வழியே ஓட்டி நான் செய்துவந்த வடிகட்டிச் சோதனைகள் ஒருவழியாக முடிந்தன. ஆய்வேட்டின் நன்றிப் பக்கம் நாலு வரி ஆங்கிலத்தோடு முடிந்துவிடும், அது எனக்குப் போதவில்லை, அதனால்தான் இந்த நன்றிக் கடிதம்.

அந்தக் காலத்துச் சிப் தொழிற்சாலைகள் பிசுக்கு நீக்கப் பயன்படுத்திய டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான், மண்ணுக்குள் புதைத்து வைத்த சேமிப்புத் தொட்டிகளிலிருந்து கசிந்து மண்ணுக்குள் இறங்கியது. தண்ணீரைவிடக் கனம் என்பதால் மிதக்காது, அடியில் போய்த் தங்கிவிடும். அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். இவ்வளவு குறைவான அளவை அளக்கும்போது ஏமாறுவது ரொம்பச் சுலபம்.

என்னை ஏமாறவிடாமல் காத்தவர் ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்பர். 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் விளிம்புக்கு மேலே குமிழ்ந்து நிற்கும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். கடுகளவு குமிழி தெரிந்தாலும் வேறு குப்பி எடுக்கச் சொல்வார், ஏனென்றால் கரைப்பான் அந்தக் காற்றுக்குள் ஓடிவிடும்.

அப்புறம் பக்கத்து மேசை நண்பன். கரியே இல்லாமல் வெறும் கண்ணாடி மணி நிரப்பிய குழாயையும் ஓட்டிப் பார் என்று அவன்தான் விடாமல் நச்சரித்தான். ஓட்டினால் அதுவும் தண்ணீரைச் 'சுத்தம்' செய்தது! கரைப்பானைக் குடித்தது நான் மாட்டியிருந்த ரப்பர் குழாய். இரண்டு மாத அளவீடுகள் போயின, அழுதேன்தான், ஆனால் அவன் சொல்லாவிட்டால் பொய்க் கணக்கைத்தான் அச்சேற்றியிருப்பேன். டெஃப்லான் குழாய்க்கு மாறி முதலிலிருந்து தொடங்கினேன், எவ்வளவு செலவானது என்று ஒரு வார்த்தை கேட்காத என் வழிகாட்டிக்கும் பெரிய நன்றி.

காங்கேயத்தில் தொட்டிக்கரி ஆலையில் வேலை பார்த்த பெரியப்பாவை எப்படி மறப்பேன்? குழாய்க்குள் காற்று சிக்கித் தண்ணீர் ஒரு ஓரமாகவே ஓடுகிறது என்று போனில் புலம்பியபோது, "கண்ணு, கரிய ராத்திரி பூரா தண்ணியில ஊறப் போடு, காத்தெல்லாம் வெளிய போகட்டும்" என்றார். ஊறப்போட்ட கரி சோடா மாதிரிச் சீறியது. மறுநாள் ஓட்டம் சீரானது. தேங்காய்த் தொட்டிக் கரி டிரைகுளோரோஎத்திலீனை நன்றாகவே பிடித்தது. அது சிதைந்து வரும் வினைல் குளோரைடுதான் சீக்கிரமே நழுவி வந்துவிட்டது, அதற்குத் தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தி வெளியேற்றும் முறைதான் கைகொடுத்தது.

பெரியப்பா, பொங்கலுக்கு வரும்போது வரைபடத்தை எடுத்து வருகிறேன், உங்கள் கரியின் கோடு எதுவென்று காட்டுகிறேன்.