டெம்பரேச்சர் யாருக்குத்தான் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கங்களில் வரும் ஆங்கிலச் சொற்பட்டியல்கள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று போட்டுவிடுகின்றன. 'டெம்பரேச்சர் – வெப்பநிலை' என்பதில் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் படித்த பிள்ளைக்கு, 'ஷீ ஹேஸ் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் என்று எப்படித் தெரியும்? 37 டிகிரி எல்லோருக்கும்தான் இருக்கிறது. எல்லோருக்கும் இருப்பதை ஒருவர் எடுத்துச் சொன்னால், வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். அடைமொழி இல்லாமலே சொல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

தமிழிலும் உண்டு. 'அவர் குடிப்பார்' என்றால் யாரும் தண்ணீரை நினைப்பதில்லை. 'ஹீ ட்ரிங்க்ஸ்' அப்படியே அதுதான். 'டீ' என்று சேர்த்தால் பழி போய்விடும்.

கல்யாண வீட்டு ஏழுகறியைப் பற்றி, அதாவது ஏழு வகைக் கறிகள் கொண்ட விருந்தைப் பற்றி, எழுதும் பிள்ளை 'தி கரீஸ் ஸ்மெல்ட்' என்று நிறுத்தினால் கறி நாறியது என்றாகிவிடும். 'ஸ்மெல்ட் குட்' என்று முடிக்க வேண்டும். 'வெல்' கூடாது, சொல்வது கறியின் தன்மையை. பழந்தமிழில் நாற்றம் நறுமணத்துக்கும் வழங்கியது. ஆங்கிலச் சொல் அடைமொழி கிடைத்ததும் நடுநிலைக்குத் திரும்பும். நம் நாற்றம் திரும்பாது. 'நல்ல நாற்றம்' என்று இன்று யார் சொல்கிறார்கள்?

மிகவும் கவனிக்க வேண்டியது 'ரெப்யுடேஷன்'. 'எ டாக்டர் ஆஃப் ரெப்யுடேஷன்' பேர்பெற்ற மருத்துவர். 'எ வுமன் வித் எ ரெப்யுடேஷன்' என்றால் பெயர் கெட்டவள். நற்சான்றுக் கடிதம் எழுதுவோர் 'குட்' சேர்த்துவிடுவதே பத்திரம். 'ஹீ ஹேஸ் ஆன் ஆட்டிட்யூட்' என்றால் திமிர்; 'குவாலிட்டி' தனியே நின்றால் உயர்தரம்.

நம் மொரீஷியஸ் பிள்ளைகளுக்குக் கிரியோல் மொழியும் பிரெஞ்சும் இன்னொரு கண்ணி. பிரெஞ்சில் 'ஷான்ஸ்' தனித்து நின்றாலே நல்ல அதிர்ஷ்டம். அதே எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் 'சான்ஸ்' வெறும் வாய்ப்புதான். எழுத்து ஒன்றாக இருப்பதால் கண் ஏமாறி 'ஷீ ஹேட் சான்ஸ்' என்று எழுதுகிறார்கள். 'ஷீ வாஸ் லக்கி' என்பதே சரி.

ஆகவே சொல்லைத் தனியாக அச்சிடாமல் 'எ', 'ஆஃப்', 'வித்' உட்பட முழுத்தொடராகப் போடுங்கள். அடைமொழி இல்லாமல் ஒன்று, அதன் கீழே அடைமொழியோடு ஒன்று: 'எ டெம்பரேச்சர்' – காய்ச்சல், 'எ நார்மல் டெம்பரேச்சர்' – சரியான உடல்சூடு. பட்டியலில் பத்துச் சொல் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் வாசகர்கள்,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்