துணிக்கு ஒரு வெளிச்சம், ஆளுக்கு ஒரு வெளிச்சமா?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இது பேசி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். “நாள் முழுக்க சுடிதாரையும் சட்டையையும் படம் எடுத்துக் கொடுக்கிறதெல்லாம் ஒரு வேலையாம்மா? இதை விட்டுட்டு நம்மூர் நெசவாளர்களை எடுக்கப் போறேன், அதுதான் நிஜமான போட்டோகிராபி” என்றாய். நெசவாளர்களை எடு, தாராளமாக எடு. ஆனால் துணியைப் படம் எடுப்பது மட்டமான வேலை என்று நீ சொல்வதை, வேலைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்த நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போன தடவை வந்தபோது அமெரிக்க போட்டோகிராபர் இர்விங் பென் பற்றிய புத்தகத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போனாய் இல்லையா? அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் படங்களை மட்டும் பார்த்தேன். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தையும் படித்தேன். நீ இன்றைக்கு நிற்கிற இடத்தில் அவரும் நின்றிருக்கிறார், கண்ணு.

1917-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்தவர். அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர், அம்மா நர்ஸ். பிலடெல்பியாவில் அலெக்ஸி பிரோடோவிச்சிடம் டிசைன் படித்தார். ஆனால் அவர் ஆசைப்பட்டது ஓவியராக. அதற்காகவே 1941-ல் நியூயார்க் வேலையை விட்டுவிட்டு மெக்சிகோ போய் ஒரு வருஷம் வரைந்தார். வரைந்ததெல்லாம் தேறாது என்று அவருக்கே தோன்றியது. கேன்வாஸில் இருந்த வண்ணத்தைக் கழுவிவிட்டு ஊர் திரும்பினார். திரும்பி வந்து சேர்ந்தது வோக் என்ற பேஷன் பத்திரிகையில். அட்டைப்படத்துக்கு யோசனை சொல்வதுதான் வேலை. அவர் சொன்ன யோசனைகள் அங்கிருந்த போட்டோகிராபர்களுக்குப் பிடிக்கவில்லை. “அப்படியானால் நீயே எடு” என்று சொல்லிவிட்டார் ஆர்ட் டைரக்டர் அலெக்சாண்டர் லீபர்மன். 1943 அக்டோபர் இதழின் அட்டையில் வந்தது ஒரு தோல் பை, கையுறை, எலுமிச்சை, ஆரஞ்சு. அதில் ஒரு மனுஷர்கூட இல்லை. அதற்கப்புறம் வோக்கில் அவர் எடுத்த அட்டைகள் 150-க்கும் மேலே. நடுவில் போர் வந்து, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவராக இத்தாலிக்குப் போனார். நம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது 1950-ஐப் பற்றி. அந்த வருஷம் வோக் அவரைப் பாரிஸுக்கு அனுப்புகிறது, புதுசாக வந்த உடைகளைப் படம் எடுக்க. ஒரு பழைய போட்டோகிராபி பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் இடம். லைட் எதுவும் கிடையாது, ஜன்னல் வழியாக வருகிற பகல் வெளிச்சம்தான். பின்னால் கட்டியது ஏதோ ஒரு நாடகக் கொட்டகையின் பழைய திரை, திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம். அந்தத் திரைக்கு முன்னால்தான் மாடல் லிசா ஃபோன்ஸாக்ரிவ்ஸ் நிற்கிறார். ரோஷாஸ் கம்பெனி தைத்த கவுன். தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் உடம்போடு ஒட்டி, கீழே மீன் வாலாக விரிகிறது. அந்தப் பக்கத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். துணி எங்கே இழுபடுகிறது, எங்கே விடுபட்டு விழுகிறது என்று விரலை வைத்துக் காட்டலாம். அதே அறையில் எடுத்த, பலென்சியாகா என்ற டிசைனரின் உடைக் கை ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தில் முகத்துக்கு இருக்கிற மரியாதை அந்தக் கைக்கும் இருக்கிறது. கைக்குழியில் எவ்வளவு துணியைச் சுருக்கி ஏற்றினால் அது அப்படி எழும்பி நிற்கும் என்று தைத்தவளுக்குத் தெரியும். தைக்கத் தெரியாதவருக்கும் அதைக் காட்டிவிட்டார் இந்த மனுஷர்.

லிசா தன்னை நல்ல ஹேங்கர் என்றுதான் சொல்லிக்கொள்வாராம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நடனம் படித்தவர் அவர். உடம்பை எந்தப் பக்கம் திருப்பினால் துணி எப்படி விழும் என்று தெரியாமல் அப்படி நிற்க முடியாது. அந்த வருஷமே பென் அவரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

இனிமேல்தான் விஷயம். கவுன்கள் வந்து போகிற அதே நாட்களில், அதே மாடிப்படி ஏறி வேறு ஆட்களும் வந்தார்கள். கசாப்புக்கடைக்காரர், ரொட்டி சுடுகிறவர், கரி சுமக்கிறவர், மீன் விற்கிற அம்மா என்று. வேலைத் துணியோடும் கையில் வேலைச் சாமானோடும் வரச் சொன்னார். கவுனுக்குக் கட்டிய அதே திரை, அதே ஜன்னல் வெளிச்சம். கரிக்காரருக்கென்று வேறு மாதிரி செய்யவில்லை. அப்புறம் லண்டனிலும் நியூயார்க்கிலும் அதைத் தொடர்ந்தார். பாரிஸ்காரர்கள் சந்தேகத்தோடு வந்தார்கள், லண்டன்காரர்களுக்கு வேலைத் துணியில் நிற்பது இயல்பாக இருந்தது, நியூயார்க்கில் சிலர் எவ்வளவு சொல்லியும் ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இன்றைக்கு அந்தப் படங்களெல்லாம் மியூசியத்தில் இருக்கின்றன.

அதற்கு முன்னால் 1948 கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான். பெரு நாட்டில் பேஷன் வேலை முடிந்ததும் குஸ்கோ என்ற மலை ஊருக்குப் போய், அங்கிருந்த போட்டோ ஸ்டுடியோவையே சில நாளுக்கு வாடகைக்குப் பிடித்தார். பண்டிகைக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த சனங்களிடம் காசு வாங்காமல், அவரே அவர்களுக்குக் காசு கொடுத்தார். பையனும் பெண்ணுமாக இரண்டு குழந்தைகள் வெறுங்காலோடு ஒரு சின்ன மேசைக்கு இரண்டு பக்கமும் நிற்கிற படம் அங்கே எடுத்ததுதான். அவர்கள் போட்டிருக்கிற கம்பளியின் முரட்டுத்தனம் எனக்குக் கையில் தட்டுப்படுகிறது. லிசாவின் கவுனைப் பார்த்த கண்தானே அதையும் பார்த்தது!

நீ மட்டம் என்று சொல்கிற வேலையையும் அவர் விடவில்லை. 1950-களில் வோக் அவருக்குப் பக்கத்தைக் குறைத்தபோது விளம்பர வேலை எடுத்தார். 1968-லிருந்து கிளினிக் என்ற அழகுசாதனக் கம்பெனியின் கிரீம் பாட்டில்களை எடுத்தார். ஒரு கண்ணாடி டம்ளரில் பல் தேய்க்கிற பிரஷ் ஒன்று நிற்கும், அவ்வளவுதான் ஒரு விளம்பரம். நீ தினமும் எடுக்கிற காட்டலாக்குக்கும் அதற்கும் என்ன பெரிய தூரம்? பிரிண்ட் போடுவதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரிகைத் தாளில் படம் செத்துப் போகிறது என்று, 1964 வாக்கில் பிளாட்டினம் கலந்த மருந்தில் பிரிண்ட் போடுகிற பழைய முறையைத் தானே படித்துக் கற்றுக்கொண்டார். தாளில் மருந்தைக் கையாலேயே பூச வேண்டும், பல தடவை பூசிப் பல தடவை வெளிச்சம் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் படம் அதே இடத்தில் விழ வேண்டுமே, அதற்காகத் தாளை அலுமினியத் தகட்டில் ஒட்டிக்கொண்டார். கட்டம் போட்ட துணியை வெட்டித் தைக்கிறபோது, தையல் விழுகிற இடத்தில் கட்டம் பொருந்த வேண்டும் என்று நான் பிள்ளைகளைப் படுத்தி எடுப்பேனே, அந்த மாதிரி. அந்தப் பிளாட்டினத்தில் அவர் போட்டவற்றில் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளும் உண்டு. 1975-ல் நியூயார்க் மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட் அதைக் கண்காட்சியாக வைத்தது.

வயசான காலத்தில் ஜப்பானிய உடை டிசைனர் இஸே மியாகேயோடு செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. மியாகே உடைகளை நியூயார்க்குக்கு அனுப்பிவிடுவார், படம் எடுக்கிற இடத்துக்கு வரவே மாட்டார். பென்னும் அவருடைய ஷோவுக்குப் போனதில்லை. துணியைப் பார்த்து இவர் என்ன செய்கிறாரோ அதுதான் படம். 1999 வரைக்கும் அப்படியே நடந்து 250-க்கும் மேலே படங்கள் சேர்ந்தன. 2009-ல் 92 வயசில் இறந்தார். பாரிஸில் கிடைத்த அந்தத் திரையைக் கடைசிவரைக்கும் வைத்திருந்தார்.

அதனால் வேலையை விடுவதைப் பற்றி அவசரப்படாதே. சம்பளம் போதவில்லை, தூங்க நேரமில்லை என்று விடுவதாக இருந்தால் சொல், அது வேறு பேச்சு. கேவலம் என்று நினைத்து விடாதே. நாளைக்கு ஒரு சுடிதாரை மாட்டினால், அதன் கழுத்துப் பட்டியைத் தைத்தவள் எங்கே நின்று யோசித்திருப்பாள் என்று பார்த்துவிட்டு எடு.

சென்னிமலைக்கு எப்போது வருகிறாய் என்று எழுது. நம் தெருவில் தறி ஓட்டுகிறவர்களிடம் நான் பேசி வைக்கிறேன். ஆனால் ஒரு பொழுது தறியை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறவர்களுக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேல்மாடியில் வடக்கு ஜன்னலுக்கு முன்னால் இருந்த சாமான்களை ஒதுக்கச் சொல்லிவிட்டேன். பின்னால் கட்டக் காடாத் துணி வாங்கி, இரண்டு அகலம் சேர்த்து ஓரம் அடித்துத் தருகிறேன். எத்தனை மீட்டர் வேண்டும், சாம்பலில் எந்த அளவுக்குச் சாயம் போட வேண்டும் என்பதை மட்டும் சீக்கிரம் சொல். சாயப்பட்டறையில் கொடுத்தால் வருவதற்கு நாளாகும்.

அன்புடன்,
அம்மா