விளம்பரத்தில் இரண்டு பரப்பளவு போடுங்கள்: வீட்டுத் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடு விற்றுக் கொடுக்கும் தரகர்களுக்கு, வணக்கம்.

"பின்னாடி ஒரு ரூம் இழுத்துக் கட்டியிருக்காங்க, அதுக்கு மட்டும் அப்ரூவல் இல்லை, பெரிய விஷயமில்லை." வீடு பார்க்க வருபவர்களிடம் இதைப் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். சிலர் அதையும் சொல்வதில்லை. கட்டடப் பொறியாளர்களும் பத்திரம் பார்க்கும் வழக்கறிஞர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். வாங்குபவர்கள் எங்களிடம் வருவது பெரும்பாலும் முன்பணம் கைமாறிய பிறகுதான். அப்போது குறையைக் கண்டுபிடித்தாலும் விலை பேச அவர்களுக்குப் பிடி இருக்காது.

அந்த அறைக்கு இல்லாதது எந்த அனுமதி? எவ்வளவு கட்டலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று பார்ப்பது திட்ட அனுமதி. கட்டியது நிற்குமா, தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா என்று பார்ப்பது கட்டட அனுமதி. சிறிய வேலைகளுக்கு முதலாவதில் விலக்கு கிடைக்கலாம். அதை வைத்து இரண்டாவதும் வேண்டாம் என்று முடிவுகட்டக் கூடாது. வரி ரசீது, மின் இணைப்பு, பத்திரத்தில் ஏறிய சதுர அடி எதுவும் இவற்றுக்கு ஈடாகாது. "கட்டிப் பல வருஷம் ஆச்சே" என்பீர்கள். சில நாடுகளில் ஒரு காலக்கெடு தாண்டினால் இடிக்கச் சொல்லும் அதிகாரம் போய்விடும், உண்மைதான். அதனால் அஸ்திவாரம் ஆழமாகிவிடாது.

பழைய வீடு தன் எடைக்கு மண்ணில் எப்போதோ அமர்ந்து முடித்திருக்கும். புதிய பகுதி அப்போதுதான் அமரத் தொடங்கும். அதன் அஸ்திவாரம் ஆழம் குறைவாகவும் இருந்தால் இரண்டும் சேருமிடத்தில் செங்குத்தாக விரிசல் விடும். விரிசல் கீழே மெல்லியதாகவும் மேலே போகப்போக அகலமாகவும் இருந்தால், புதிய பகுதி வெளிப்பக்கம் சாய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். விற்பனைக்கு முன் நீங்கள் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கச் சொல்வது இந்த விரிசலின் மேல்தான். அதை அப்படியே விட்டால், இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, அகலத்தை அளந்து வைத்து, அது வளர்கிறதா என்று பார்க்க முடியும்.

அடுத்தது, கூடத்தைப் பெரிதாக்க இடித்த பழைய வெளிச்சுவர். அதன் மேலிருந்த எடையை இப்போது ஒரு உத்திரம் தாங்குகிறது. அதன் இரு முனைகளும் சுவரில் பொதுவாகக் குறைந்தது 150 மி.மீ. உட்கார வேண்டும், அடியில் கான்கிரீட் தாங்குகட்டை வேண்டும். உத்திரத்துக்குப் பொறியாளர் போட்ட கணக்கீட்டுத் தாள் இல்லாத வீட்டில் இதை அறிய நம்பகமான வழி, முனைகளில் ஓரடி அகலத்துக்குப் பூச்சை உரித்துப் பார்ப்பது. உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்பதால் நீங்கள் தயங்குகிறீர்கள். திறப்பின் மூலையிலிருந்து சரிவாக மேலேறும் விரிசல் தெரிந்தால் தயங்கவே கூடாது.

மாடி எடுத்த வீடுகளில் கவலை இன்னும் அதிகம். தூண் கம்பி 16 மி.மீ. என்றால், புதிய கம்பி பழையதோடு ஏறத்தாழ அதன் விட்டத்தைப் போல 40 முதல் 50 மடங்கு, அதாவது 640 முதல் 800 மி.மீ. வரை ஒட்டிப் போக வேண்டும். மொட்டை மாடியில் ஓரடி நீட்டிவிட்டு, மழையில் துருவேறிய கம்பியில் அந்த நீளம் கிடைக்காது. ஒரு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரம் இரண்டைத் தாங்குமா என்று அறிய, தூண் அருகே சோதனைக் குழி தோண்டி அடித்தள அளவைப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டைச் சுத்தியல் கருவியால் தட்டிப் பார்த்தால் மேற்பரப்பின் கடினம் தெரியும், அவ்வளவுதான்.

கழிவுநீர்த் தொட்டியின் மூடி எங்கே என்றும் கேளுங்கள். சமையலறை டைல்ஸுக்கு அடியில் போயிருந்தால், முதல் அடைப்பின்போது தரையை உடைக்க வேண்டிவரும்.

"வாங்கினப்புறம் ஒழுங்குபடுத்திக்கலாம்" என்ற வாக்குறுதியை நிறுத்துங்கள். விண்ணப்பித்தால் அதிகாரிகள் ஏற்கலாம், மாற்றச் சொல்லலாம், இடிக்கவும் சொல்லலாம். அந்தச் செலவு பொதுவாக அப்போதைய உரிமையாளர் தலையில்தான் விழும். ஆகவே விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பவர், அதுவும் கிரயத்துக்கு முன். அனுமதி இல்லாததற்கு எதிரான காப்பீடு விற்கும் இடங்களில் ஒரு சிக்கல் உண்டு: அதிகாரிகளிடம் முன்பே பேசிவிட்டால் பாலிசி கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் அது அதிகாரிகள் எடுக்கும் நடவடிக்கையால் வரும் இழப்புக்குத்தான்; சாயும் சுவரைச் சரிசெய்யப் பணம் தராது. வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதியற்ற பகுதியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கடன் குறையும். வாங்குபவர் கடைசி நேரத்தில் திண்டாடுவார்.

விலை குறைக்கும்போதும் அந்த அறையின் சதுர அடியை மட்டும் கழித்தால் போதாது. இடிக்கும் செலவு, பழைய வெளிச்சுவரைத் திரும்ப எழுப்பும் செலவு, அங்கே மாற்றிய குழாய், மின்கம்பிச் செலவு எல்லாம் கழிய வேண்டும். அனுமதி வரும்வரை ஒரு தொகையை நிறுத்திவைக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவே. விளம்பரத்தில் அனுமதி பெற்ற பரப்பளவையும் பெறாததையும் தனித்தனியே போடுங்கள். அங்கீகரித்த வரைபடத்தையும் நிறைவுச் சான்றையும் வீட்டைக் காட்டும் நாளிலேயே கையில் கொடுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன், வாங்குபவரின் பொறியாளரை டேப்போடும் அந்த வரைபடத்தோடும் உள்ளே விடுங்கள்.