எங்கள் வட்டத்தில் பாதி கடல்

டேட்டிங் செயலிகளை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். வேலை கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். வயது முப்பத்தொன்று. உங்களில் இரண்டு நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகளாக வாடிக்கையாளர்; ஒன்றுக்கு நடுவில் ஆறு மாதம் பணம் கட்டியும் பார்த்தேன். நாள் முழுவதும் அடுத்தவர் கணக்கில் பிழை தேடுவது என் பிழைப்பு. உங்கள் கணக்கிலும் ஒரு பிழை கண்ணில் பட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என்னை நடுவில் வைத்து நீங்கள் ஒரு வட்டம் போடுகிறீர்கள். ஐந்து கிலோமீட்டர் என்று நான் வைத்தால் ஐந்து, பத்து என்றால் பத்து. பெங்களூரில் அந்த வட்டத்துக்குள் பல லட்சம் பேர் அடங்குவார்கள். யார் யார் என்று யாருக்கும் தெரியாது. முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் சோலை நகர், அதற்கப்பால் கடல். வட்டத்தில் ஏறக்குறைய பாதி வங்காள விரிகுடா. விடியற்காலையில் வலை போடப் போகிறவர்களைத் தவிர அங்கே யாரும் இல்லை, அவர்களும் அந்த நேரத்தில் கைபேசியில் பெண் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வடக்கே கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். மிச்சம் இருக்கும் துண்டில்தான் என் பள்ளித் தோழர்கள், அப்பாவின் பழைய அலுவலகத்தார், பால் ஊற்றுகிறவரின் மகன், என் சித்தப்பாவின் மைத்துனர் எல்லாரும் இருக்கிறார்கள். சித்தப்பாவின் மைத்துனருக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். செயலியில் அவர் 'தனியாள்' என்று போட்டிருக்கிறார். அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாவட்டத்தின் மக்கள்தொகை ஒன்பதரை லட்சம். பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் வரை எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண். ஊர் வளர்கிறது, மறுக்கவில்லை. நான் பள்ளிக்குப் போன நாளில் வயலாக இருந்த இடங்களில் இப்போது லிஃப்ட் வைத்த அடுக்குமாடிகள். ஆனால் பழைய நகரம் இன்றும் நான்கு சாலைகளுக்குள் அடங்கிய ஒரு நீள்வட்டம்தான். கடற்கரையிலிருந்து அண்ணா சாலைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். '1 கி.மீ. தொலைவில்' என்று நீங்கள் காட்டும்போது, உங்கள் கண்ணுக்கு அது ஒரு தூரம். எங்களுக்கு அது ஒரு முகவரி.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஆண்டு ஒருவரோடு நான்கு நாள் பேசினேன். எந்தச் செயலி என்று சொல்லவில்லை, உங்களில் எவராகவும் இருக்கலாம். மூன்றாம் நாள் அவர் கேட்டார்: "உங்கள் குலதெய்வம் எது?" வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது பக்தியாகத் தோன்றும். எங்கள் பக்கம் சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் முதலில் எந்தத் தெரு என்பார்கள். தெருவில் பிடிபடாவிட்டால் குலதெய்வம். நான் பதில் போடுவதை நிறுத்தினேன். பட்டியலிலிருந்து அவரை நீக்கவில்லை. சோம்பல்தான், என் தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செய்தி: "இப்போது 2 காட்டுகிறது." மறுநாள்: "இப்போது 1." எனக்கு விளங்கவில்லை. கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வருவாரே, அதுபோல இந்த மனிதர் கைபேசியை ஏந்திக்கொண்டு ஸ்கூட்டரில் என் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னார். தெருமுனை டீக்கடை வாசலில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு அவர் நின்றார். புகைப்படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் கணக்குப் போட்டு விடை சரியாக வந்த பிள்ளையின் சிரிப்பு. "கண்டுபிடித்துவிட்டேன் பார்த்தீர்களா? அஜந்தா சிக்னலில் நின்றால் 2, மணிக்கூண்டு தாண்டினால் 1, கோட்டக்குப்பத்துக்குள் போனால் மறுபடியும் 2." மிரட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. பாராட்டை எதிர்பார்த்து நின்றார். டீக்கடை அண்ணன் பாலை ஆற்றிக்கொண்டே, "யாரம்மா இது?" என்றார். "வழி கேட்கிறார், அண்ணா" என்றேன்.

எத்தனையோ இரவு அந்த ஒரு பதிலை நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன். வீடு தேடி வந்தவருக்கு நானே சாக்கு சொல்லிக் கொடுத்தேன். வேறென்ன சொல்வது? செயலியில் பழக்கம் என்று டீக்கடையில் சொன்னால், கொத்தமல்லியோடு நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த மனிதர் செய்தது புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வடிவியல்தான். ஓர் இடத்திலிருந்து தூரம் தெரிந்தால் ஒரு வட்டம். இன்னோர் இடத்திலிருந்து இன்னொரு வட்டம். இரண்டும் இரண்டு புள்ளிகளில் வெட்டும். அதில் எது என்று சொல்ல மூன்றாவது வட்டம். 2014-இல் டிண்டரில் இப்படி ஒருவர் இருக்கும் இடத்தைக் கணக்கிட முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள், அது சரிசெய்யப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து 2024-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 டேட்டிங் செயலிகளைச் சோதித்ததில் ஆறு செயலிகளில் இன்னும் அதே வகைக் கோளாறு இருந்தது. அவையும் சரிசெய்யப்பட்டன. எண்ணை முழுதாக்கிக் காட்டுவது அந்த மருந்துகளில் ஒன்று. 1.3 என்று காட்டாமல் 1 என்று காட்டினால் போதும் என்பது நினைப்பு. டீக்கடைக்கு வந்தவருக்கு முழு எண்ணே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. 2 எங்கே 1 ஆகிறது என்று பார்த்தார், அவ்வளவுதான்.

இதில் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. இதை உங்கள் பொறியாளர்கள் யாராவது யோசித்தார்களா என்று அறிய ஆவல். எங்கள் பெரிய சாலைகள் கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுகின்றன. அஜந்தா சிக்னலும் கோட்டக்குப்பமும் ஏறக்குறைய ஒரே கோட்டில். அங்கே ஒரு வட்டமும் இங்கே ஒரு வட்டமும் போட்டால், வெட்டும் இரண்டு புள்ளிகளில் ஒன்று மேற்கே விழும், மற்றொன்று கிழக்கே மணலிலோ தண்ணீரிலோ விழும். மூன்றாவது வட்டமே வேண்டாம். கடல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் இதே கதைதான்.

உங்களுக்குப் புகார் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன், ஆங்கிலத்தில் பதில் வந்தது: தகுந்த நடவடிக்கை எடுத்திருக்கிறோம், என்ன நடவடிக்கை என்று சொல்ல இயலாது. ஒரு மாதத்தில் அதே மனிதர் வேறு புகைப்படத்தோடு என் திரையில் வந்தார். காவல் நிலையம் ஒன்றுக்கும் போனேன். ஸ்கூட்டர் எண்ணைப் பார்த்ததும், "டி.என். வண்டி, ஆள் அந்தப் பக்கம், அங்கே போய்க் கொடுங்கள்" என்றார்கள். எந்த நிலையத்திலும் எல்லை பார்க்காமல் தகவலைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்வதைப் பிறகுதான் படித்தேன். எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. புதுச்சேரி ஒரே நிலமாக இல்லாமல் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் கிடக்கிறது; ஒரே தெருவில் நடக்கும்போதே மாநிலம் மாறும். உங்கள் வட்டத்துக்கு அந்த எல்லை தெரியாது. புகார் கொடுக்கப் போகிறவளுக்கு மட்டும் தெரிகிறது.

தூரத்தை மறைக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நான் பயன்படுத்தும் செயலியில் அதற்கு மாதக் கட்டணம். எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரை போட நான் உங்களுக்கு வாடகை தர வேண்டும் என்கிறீர்கள். தெரிந்தவர்களைத் தடுக்கும் வசதியும் உண்டு, கைபேசியில் உள்ள எண்கள் அனைத்தையும் உங்களிடம் ஒப்படைத்தால். பால்காரர் மகனின் எண் என்னிடம் எப்படி இருக்கும்?

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இன்னும் இதில் இருக்கிறாய் என்று கேட்கலாம். என் ஜாதகம் நான்கு ஆண்டுகளாகத் தரகர்களின் பைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. திருமணத் தகவல் தளங்களில் முதல் கட்டமே சாதி. உங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. அந்த ஒன்றுக்காகவே உங்கள் பல குற்றங்களை மன்னித்திருக்கிறேன். எங்கள் ஊர்த் தரகர்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு: பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பையன் என்றால் மற்ற ஒன்பது பொருத்தத்தைப் பார்க்காமலேயே பாதியில் முடித்துவிடுவார்கள். உங்கள் செயலியிலும் அந்தக் குடியுரிமையை முதல் வரியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே அவர்களைத் தள்ளிவிட என் விரல் போதும், அத்தையிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் ஒருவர். அதுவரை பத்து வரி பேசியிருப்போம். மின்சாரம் போன பிறகு அவர் வீட்டு வாசற்படிகளை எண்ணி எண்ணி அனுப்பிக்கொண்டிருந்தார். "இரண்டாம் படி போய்விட்டது." ஒரு மணி நேரம் கழித்து, "மூன்றாம் படி." நான் எங்கள் மாடியிலிருந்து தெருவில் மிதந்து போகும் பிளாஸ்டிக் குடங்களை எண்ணி அனுப்பினேன். நடுவில் 2 கி.மீ. என்று நீங்கள் காட்டினீர்கள். படகில்லாமல் அதைக் கடக்க முடியாது. பின்னால் இரண்டு முறை காபி குடித்தோம். காதலாகவில்லை. இன்றும் மழை பிடித்தால் "எத்தனையாம் படி?" என்று கேட்டுக்கொள்கிறோம்.

வார இறுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையும் திருவண்ணாமலை வழியாகப் பெங்களூரும் உங்கள் செயலிக்குள் வந்து இறங்குகின்றன. எல்லாப் படத்திலும் ஒயிட் டவுனின் அதே மஞ்சள் சுவர். 'ஞாயிறு வரை ஊரில்' என்று சிலர் நேர்மையாகப் போடுவார்கள், பலர் போட மாட்டார்கள். திங்கட்கிழமை காலை கடற்கரைச் சாலையைக் கூட்டி முடிப்பதற்குள் அவர்கள் 150 கிலோமீட்டருக்கு அப்பால். குடியிருப்பவர், வந்து போகிறவர் என்று தனித்தனியாகக் காட்டுங்கள். லாட்ஜில்கூட வருகைப் பதிவேடு இருக்கிறது.

எனக்கு நடந்ததைவிடக் கனமான ஒன்று. என் நண்பர் ஒருவர், ஆண்களை விரும்பும் ஆண். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அவர் வாழ்க்கை குற்றமல்ல என்றது. அவர் வீட்டுக்கு இன்னும் தெரியாது. என் வாசலில் ஒருவர் வந்து நின்றபோது நான் 'வழி கேட்கிறார்' என்று தப்பித்தேன். அவர் வாசலில் வந்து நின்றவர்கள் பணம் கேட்டார்கள். கொடுத்தார். காவல் நிலையத்தின் பக்கமே போகவில்லை. அவருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற அந்தச் சின்ன எண்ணின் விலை என்ன என்று உங்கள் கட்டணப் பட்டியலில் தேடிப் பார்த்தேன்.

நான் கேட்பது பெரிதில்லை. எங்களைப் போன்ற ஊர்களில் கிலோமீட்டரை எடுத்துவிடுங்கள். பஸ்ஸின் நெற்றிப் பலகையில் எழுதியிருப்பதுபோல ஊர்ப் பெயர் போதும்: புதுச்சேரி, கடலூர், விழுப்புரம். கட்டணம் கட்டியவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். செயலியைத் திறக்கும்போதெல்லாம் நான் நிற்கும் இடத்தைப் புதிதாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். ஊரை நானே ஒருமுறை தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன். புகாரைத் தமிழில் படித்துத் தமிழில் பதில் சொல்ல ஒரு மனிதரை வையுங்கள். என் ஆங்கிலம் பரவாயில்லை. என் நண்பருக்கு வராது.

நீங்கள் மாற்றும்வரை நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தினமும் கடலூருக்குப் போக வர இரண்டு முறை பேருந்து நிலையத்தைக் கடக்கிறேன். அங்கே மட்டும்தான் செயலியைத் திறக்கிறேன். முள்ளோடை வழியாகக் கடலூர், திண்டிவனம், விழுப்புரம் என்று நடத்துநர்கள் கூவிக்கொண்டிருக்க, வேர்க்கடலைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். வேண்டுமானால் யாராவது ஸ்கூட்டரில் வட்டம் போட்டுப் பார்க்கட்டும். உங்கள் பதிவேட்டின்படி ஓராண்டாக என் வீடு அதுதான். பதில் எழுதுவதாக இருந்தால் அந்த முகவரிக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பேருந்து நிலையம், மறைமலை அடிகள் சாலை,
புதுச்சேரி.