ரெஸ்யூமேக்கள் போகும் இடம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை போன செய்தியை இரண்டே வரியில் எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க "ஏன் யாருமே பதில் போடமாட்டேன் என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருடம் ஐடி கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ரெக்ரூட்டராக இருந்தவளிடம் கேட்கவேண்டிய கேள்விதான் அது. என் பக்கத்துச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆள் தேடித் தரும் கன்சல்டன்சியை விட்டுவிட்டேன். இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அவர்களுடைய சொந்த ஆளெடுப்புக் குழுவில் இருக்கிறேன். அந்தக் கதை அப்புறம்.

முதலில் கன்சல்டன்சிக்குப் பணம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள். எங்களுக்குக் காசு கொடுப்பது ஆள் தேடுகிற கம்பெனி. நாங்கள் அனுப்பியவர் வேலையில் சேர்ந்தால் அவருடைய முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு எங்களுக்கு. பல நாடுகளில் அது 15 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் கிளம்பிவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் காசு வாங்காமல் வேறு ஆள் தேடித் தர வேண்டும். ஒரே வேலையை நாலைந்து கன்சல்டன்சிகளிடம் கொடுத்திருப்பார்கள். யார் அனுப்பிய ஆள் சேருகிறாரோ அவர்களுக்கு மட்டும்தான் காசு. மற்றவர்கள் உழைத்தது உழைத்ததுதான்.

இதை வைத்து ஒரு நாளை நினைத்துப் பார். காலையில் ஒரு ஜேடி, அதாவது என்ன வேலை, எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்ற குறிப்பு, வரும். மதியத்துக்குள் நாலு ரெஸ்யூமேயாவது போகவில்லை என்றால் இன்னொரு கன்சல்டன்சி முந்திவிடும். எங்கள் டேட்டாபேஸிலும் லிங்க்ட்இன்னிலும் எந்தச் சொல் வேண்டும், எது வேண்டாம் என்று கொடுத்துத் தேடும் பூலியன் தேடல் போட்டு, மேலே வருகிறவர்களுக்கு மளமளவென்று போன் அடிப்போம். எடுக்கிறவர்களிடம் சம்பளம், நோட்டீஸ் பீரியட், வீட்டிலிருந்து வேலையா அலுவலகத்துக்கு வருவாரா என்று கேட்டு வடிகட்டி அனுப்புவோம். அனுப்பும் முன் ரெஸ்யூமேயிலிருந்து போன் நம்பரையும் மெயில் ஐடியையும் எடுத்துவிடுவோம், கம்பெனி எங்களைத் தாண்டி நேரே பேசிவிடக்கூடாது என்று. பிறகு பட்ஜெட் இல்லை என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டால், பல சமயம் எங்களுக்கே சொல்லமாட்டார்கள். மறுநாள் காலையில் வேறு ஜேடி வந்துவிடும். அந்த நாலு பேர் போனுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

உனக்குப் பதில் வராததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். யாரும் உட்கார்ந்து உன்னை எடைபோட்டு வேண்டாம் என்று முடிவு கட்டவில்லை. அதனால் வலி இல்லாமல் போய்விடாது, தெரியும். ஒருவரை லீவு போடவைத்து மூன்று சுற்று இன்டர்வியூ நடத்திவிட்டு முடிவைச் சொல்லாமல் இருப்பது அநியாயம். எனக்கும் எங்கள் மேலாளருக்கும் நடந்த சண்டையெல்லாம் இதற்காகத்தான். எங்கள் டார்கெட் ஷீட்டில் அனுப்பிய ரெஸ்யூமே எத்தனை, நடந்த இன்டர்வியூ எத்தனை, சேர்ந்தவர் எத்தனை என்று கட்டங்கள் இருந்தன. எத்தனை பேருக்கு முடிவைச் சொன்னோம் என்று ஒரு கட்டம் கிடையாது. ஒன்று சேர்க்கலாம் என்று நான் கேட்டபோதெல்லாம் அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றுதான் பதில் வந்தது.

கம்ப்யூட்டர்தான் உன் ரெஸ்யூமேயைத் தூக்கிப் போடுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். ஏடிஎஸ் என்பது முக்கியமாக ரெஸ்யூமேக்களைச் சேர்த்து வைக்கவும் தேடவும் ஆன மென்பொருள். "இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா?" போன்ற கேள்விகளுக்கு நீ இல்லை என்று போட்டால், அது தானாகவே உன்னை விலக்கும்படி வைத்திருப்பார்கள். மற்றபடி நான் பார்த்தவரை மனிதர்கள்தான் படித்தார்கள், அல்லது படிக்காமல் விட்டார்கள். ஆனால் மெஷினிடமே மதிப்பெண் போடச் சொல்லும் பழக்கம் இப்போது கூடிவருகிறது, அது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. அமேசான் உள்ளுக்குள் சோதித்த ஒரு கருவியைப் பற்றி 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பத்து வருடத்து ரெஸ்யூமேக்களை வைத்து அதைப் பழக்கியிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் ‘பெண்கள்’ என்ற சொல் வரும் ரெஸ்யூமேக்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைத்தது. அமேசான் அந்தக் கருவியைக் கைவிட்டது.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த பக்கமும் இருந்தது. ஒரு பெண்ணுடைய ரெஸ்யூமே. "டேட்டாபேஸ் பராமரிப்புப் பணிகளில் குழுவுக்கு உதவினேன்" என்று ஒரு வரி இருந்தது. என்ன உதவி என்று போனில் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். பணம் செலுத்தும் சேவையின் டேட்டாபேஸைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றியிருக்கிறாள். கொஞ்ச நாள் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதவைத்து, தினமும் இரவு இரண்டு பக்கத்துக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசமே வராத பிறகு ஒரு விடிகாலையில் புதியதற்குத் திருப்பிவிட்டிருக்கிறாள். சேவை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இதற்குப் பெயர் உதவியா? போனிலேயே இருவருமாக அந்த ஒரு வரியை நாலு வரியாக எழுதினோம். அதுவரை கூப்பிடாத இடங்களிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது.

உன் ரெஸ்யூமேயிலும் இதே குறைதானடி. ‘பங்கெடுத்தேன்’, ‘ஒத்துழைத்தேன்’ என்று பக்கம் முழுக்க அடக்கம். நீ என்ன செய்தாய், அதனால் எது மாறியது என்று எழுது. முதல் தடவை ஒரு ரெக்ரூட்டர் மேலோட்டமாகத்தான் பார்ப்பார். மேல் பாதிப் பக்கத்தில் இல்லாதது அவர் கண்ணில் படாது.

அப்புறம், ஒரே கம்பெனிக்கு உன்னை அனுப்ப இரண்டு கன்சல்டன்சிகளுக்குச் சரி சொல்லிவிடாதே. இரண்டு பேர் வழியாகவும் உன் ரெஸ்யூமே வந்தால், கமிஷன் யாருக்கு என்ற தகராறு வேண்டாம் என்று கம்பெனியே உன்னை ஒதுக்கிவிடும். யார் கேட்டாலும் முதலில் எந்தக் கம்பெனிக்கு என்று கேள். பெயர் சொல்லமாட்டேன் என்றால் அனுப்ப அனுமதியும் தராதே. சரி என்பதை மெயிலில் எழுது. வேலை வாங்கித் தர முன்பணம் கட்டு என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள். வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி.

என் கதைக்கு வருகிறேன். ஆளெடுப்பு நின்றால் முதலில் அடிபடுவது ஆள் எடுக்கிறவர்கள்தான். 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 11,000 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியபோது, ஆளெடுப்புக் குழுவுக்கு மற்றவர்களைவிட அதிகப் பாதிப்பு இருக்கும் என்று அதன் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் வெளிப்படையாகவே எழுதினார். அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000 பேர் என்று அறிவித்தது. பெரிய கம்பெனிகள் கதவைச் சாத்தியதும் எங்கள் அலுவலகத்தில் போன் சத்தமே குறைந்துபோயிற்று. குழு பாதியானது. மிச்சமிருந்தவர்களுக்கு டார்கெட் மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் நானும் தேட ஆரம்பித்தேன்.

நெருங்கிய தோழிகள் எல்லாரிடமும் சொன்னேன். பாவம், அவர்களுக்குத் தெரிந்த இடமெல்லாம் எனக்கும் தெரிந்த இடமாகவே இருந்தது. கடைசியில் வழி காட்டியது, முன்பு எங்கள் க்ளையன்ட் கம்பெனியில் எச்.ஆராக இருந்த ஒரு அம்மா. எப்போதாவது ஒரு மெயில், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அவர் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார், அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. இது என் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டிருக்கிறார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6, அபூர்வமாகப் பார்ப்பவர்கள் 27.8. லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022-இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. அதனால் வெட்கப்படாமல் பழைய அலுவலகத்து ஆட்களுக்கு எழுது. வருடக்கணக்காகப் பேசாதவர்களுக்கும் எழுது. "வேலை இருக்கிறதா?" என்று கேட்காமல், என்ன மாதிரி வேலை தேடுகிறாய் என்று இரண்டு வரியில் தெளிவாகச் சொல். அப்போதுதான் அவர்களுக்கு உன் பெயர் சரியான நேரத்தில் ஞாபகம் வரும்.

சேரும்போது நான் சம்பளத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. இன்டர்வியூவுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்குள் முடிவைச் சொல்லவேண்டும், அதற்கு எனக்கு நேரம் தரவேண்டும் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க அதற்குத்தான். வேண்டாம் என்று சொல்லும் போன் ஒவ்வொன்றும் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒருவர் கோபப்பட்டுத் துண்டித்துவிட்டார். ஆனால் பெரும்பாலானவர்கள், இவ்வளவு தூரம் கூப்பிட்டுச் சொன்னதற்கு நன்றி என்கிறார்கள்.

எங்கள் இடத்தில் உனக்கு ஏற்ற வேலை இப்போது இல்லை. வந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன், மற்றவர்களைப் போலவே எல்லாச் சுற்றும் நீ முடிக்கவேண்டும். இந்த வாரத்துக்குள் ரெஸ்யூமேயைத் திருத்தி அனுப்பு. கடைசி வேலையில் செய்த மூன்று காரியங்களை, வெட்டாமல் சுருக்காமல், எனக்குச் சொல்வதுபோல் எழுது. வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் போடுகிறேன், எடு.

என்றும் அன்புடன்,
உன் தோழி